நைட் ஷிப்ட்: ஒருவருக்கு

போன வாரம் திங்கட்கிழமை சாயங்காலம். அரிசியைக் களைந்து குக்கரில் போட்டுவிட்டுத் தண்ணீரை அளந்துகொண்டிருந்தேன். புத்தர் படத்துக்குக் கீழே சார்ஜில் கிடந்த போன் 'டிங்' என்றது.

எட்டிப் பார்த்தேன்.

'இன்றைய நைட் ஷிப்ட்: ஒருவருக்கு.'

ஒருவருக்கா? இந்த வீட்டில் ராத்திரி சாப்பாடு எப்போதும் இரண்டு பேருக்குத்தானே? ஆப்புக்கு ஏதோ கோளாறு என்று நினைத்து, போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். குழந்தை அடம் பிடித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மாதிரி!

புதிதாக இந்தப் பக்கத்துக்கு வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கோலார் தங்கவயலில், ஸ்கெலட்டன் என்கிற குடியிருப்புப் பக்கம் எங்கள் வீடு. நான் பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். சாயங்காலம் சமையல்காரன். வாரக் கடைசியில் உங்களோடு வாயாடுகிறவன். என் மனைவி அமுதாவுக்கு பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை. விடிவதற்கு முன்னால் ரயிலேறிப் போவாள், இருட்டிய பிறகு ரயிலேறி வருவாள். ஊரில் பாதிப் பேர் இப்படித்தான். ஒரே மகள் யசோதரா. மைசூரில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள்.

ஆப் அவள் வேலை. போன லீவில் வந்தபோது என் போனில் இறக்கிக் கொடுத்தாள். பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும், வேண்டாம். வாரம் முழுக்க என்ன சமைப்பது, யாருக்குச் சமைப்பது, கடையில் என்ன வாங்குவது... எல்லாம் அதுவே சொல்லும். மூன்று பேர் போனிலும் ஒரே கணக்கு. அமுதா ரயிலில் உட்கார்ந்தபடி நாளைக்குப் புளிக்குழம்பு என்று போட்டால், இங்கே என் போன் 'புளி இருக்கிறதா?' என்று கேட்கும்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல ஆப்தான். "இன்னைக்கு இன்னா ஆக்கறது?" என்ற கேள்வி எங்கள் வீட்டை விட்டே ஓடிப்போனது. ஆனால் கொஞ்சம் அசடு. ஒருநாள் கேழ்வரகுக் களி உருண்டையைப் போட்டோ எடுத்துப் போட்டேன். 'அருமையான சாக்லேட் கேக்!' என்று பாராட்டியது. நான் மறுக்கவில்லை. இந்த வயதில் பாராட்டு எங்கிருந்து வந்தால் என்ன?

ஆரம்பத்தில், 'உங்கள் உணவு வேளைகளுக்குப் பெயரிடுங்கள்' என்றது. நான் யோசிக்காமல் தட்டினேன். பர்ஸ்ட் ஷிப்ட், செகண்ட் ஷிப்ட், நைட் ஷிப்ட்.

யசோ விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, பிரேக்பாஸ்ட், லஞ்ச், டின்னர்னு போடுப்பா! மைன் மூடி எத்தினி வருஷம் ஆச்சி!"

மைன் மூடியாச்சு, சரி. வாய் மூடவில்லையே? எங்கள் அப்பா சுரங்கத்தில் வேலை செய்தவர். அவர் எந்த ஷிப்ட்டில் இறங்குகிறாரோ, வீட்டில் அந்த ஷிப்ட்டுக்குத்தான் அடுப்பு எரியும். சங்கு ஊதுவதுதான் எங்களுக்குக் கடிகாரம். அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு டின்னர் என்ற சொல் கல்யாணப் பத்திரிகையில்தான் வரும்.

எங்கள் வீட்டில் இன்னொரு பழக்கமும் இருந்தது. சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் பலவற்றிலும் இருந்ததுதான். ஆள் ஷாப்ட்டுக்குள், அதாவது சுரங்கக் குழிக்குள், இறங்கியிருந்தால் சோற்றுப்பானையைக் காலி பண்ணக்கூடாது. அவர் பங்கைத் தனியாக எடுத்து மூடி வைத்த பிறகும் பானை அடியில் ஒரு கைப்பிடி இருக்க வேண்டும். பானையைக் கழுவவும் கூடாது. கேஜ் என்கிற லிப்டில் மேலே ஏறி, குளித்து, அவர் வாசலில் வந்து நின்ற பிறகுதான் அம்மா அந்தக் கைப்பிடியையும் அவர் தட்டில் போட்டுவிட்டுப் பானையைக் கழுவப் போடுவாள். பசியில் நான் பானையைச் சுரண்டினால் ஒரே அதட்டல்தான். "வைடா. ஆளு இன்னும் மேல வரல."

இன்றைக்கு என் வீட்டில் பானை இல்லை, குக்கர். ஷாப்ட் இல்லை, ரயில். ஆனாலும் அமுதாவின் பங்கை ஹாட்பாக்ஸில் எடுத்து வைத்த பிறகு, குக்கரில் ஒரு கைப்பிடி தானாகவே தங்கிவிடும். அவள் வந்து செருப்பைக் கழற்றிய பிறகுதான் குக்கர் தண்ணீரைப் பார்க்கும். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கழுவக் கை வராது, அவ்வளவுதான்.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

எனக்குச் சுகர். எட்டு மணிக்குச் சாப்பிட்டு மாத்திரை போட வேண்டும் என்பது அமுதாவின் உத்தரவு. அவள் வீடு வந்து சேர அதற்கு மேல் ஆகிவிடும். அதனால் நான் தனியாகச் சாப்பிட்டு முடிப்பேன். உடனே ஆப் கேட்கும். 'மீதி உள்ளதா?' உள்ளது, ஒரு கைப்பிடி. பொய் சொல்வானேன்? 'ஆம்' என்று தட்டுவேன். 'காரணம்?' என்று அடுத்த கேள்வி. அதிகம் சமைத்துவிட்டேன், சுவை பிடிக்கவில்லை, மற்றவை. மற்றவை என்றால் டைப் அடிக்க வேண்டும். யார் அடிப்பது? 'அதிகம் சமைத்துவிட்டேன்' என்று தட்டிவிட்டு மாத்திரையைத் தேடப் போய்விடுவேன்.

தினமும் இதே கதை. அந்தக் கைப்பிடி உண்மையில் மீதியே இல்லை, தினமும் அமுதா தட்டுக்குத்தான் போனது. அது ஆப்புக்கு எப்படித் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை சிவப்பு இலை ஒன்றைப் போட்டு, 'உங்கள் குடும்பம் இரவு உணவை வீணாக்குகிறது. அளவைக் குறைக்கவும்' என்று அறிக்கை விட்டுவிட்டது. யசோ அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டாள். கீழே ஒரு வரி. 'அப்பா, டூ மச். என் ப்ரெண்ட்ஸ் வீடு எல்லாம் க்ரீன்ல கீது!'

நான் சிரித்துவிட்டு விட்டேன். அமுதா சிரிக்கவில்லை என்பது திங்கட்கிழமை போன் பண்ணியபோதுதான் தெரிந்தது.

ரயில் இரைச்சலுக்கு நடுவே கேட்டேன். "அமுதா, ஆப்புல ஒருத்தருக்குன்னு வருது. கோளாறு போல."

"கோளாறு இல்லீங்க. நான்தான் மாத்துனேன்."

"ஏன்மா?"

"தினமும் மீந்துகினு போவுதே, பாக்கலியா? வர்றப்ப எனக்குப் பசியே செத்துடுது. பாதி தட்டுலயே கெடக்குது. நீங்க நின்னு ஆக்கறது, அத்த நான் கொட்டறது... இன்னாத்துக்கு? கேண்டீன்லயே சாப்ட்டுகினு வந்துடறேன்."

மீதி என்று ஆப் சொன்னது தன் தட்டைத்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் விளக்க வாயைத் திறப்பதற்குள் அடுத்தது வந்தது.

"அப்பறம்... லேப்ல கூட வேலை செய்யற பொண்ணு ஒரு ரூம் பாத்துகீது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே. திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் அங்க தங்கிகினா, ஞாயித்துக்கெழமை வூட்டுக்கு வரலாம். ரெண்டு பேரு சேர்ந்தா எடுக்கலாம்னு கேக்குது. யோசிச்சி சொல்றேன்னு சொல்லிகீறேன்."

"ம்..." என்றேன்.

சிக்னல் போய்விட்டது. நான் குக்கர் முன்னால் நின்றேன். உள்ளே இரண்டு பேருக்கான அரிசி. வெளியே, போனில், ஒருவருக்கு.

அன்றிலிருந்து நான் ஆப்புக்குக் கட்டுப்பட்ட பிள்ளையானேன். ஒருவருக்குச் சமைத்தேன். ஒருவருக்குச் சமைப்பது எவ்வளவு சுலபம் தெரியுமா? ஒரு வெங்காயம், ஒரு தக்காளி, சட்டென்று முடிந்துவிடும். 'வாழ்த்துகள்! இன்று நீங்கள் நேரத்தை மிச்சப்படுத்தினீர்கள்' என்று ஆப் பூச்செண்டு நீட்டியது.

மிச்சப்படுத்தினேன். மிச்சமான நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஜன்னலுக்கு வெளியே, தங்கம் எடுத்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நேரத்தை மிச்சம் பிடித்துத் தர ஆயிரம் ஆப் வந்துவிட்டது. அதைச் செலவழிக்கக் கூட ஒரு ஆள் வேண்டுமே... அதற்கு எந்தக் கம்பெனி ஆப் விட்டிருக்கிறது?

அவள் வருவாள், 'சாப்ட்டுட்டேன்' என்பாள், கை கால் கழுவிக்கொண்டு படுத்துவிடுவாள். வலிக்கிற முழங்காலுக்கு நான் தைலம் தேய்க்கும்போதே தூங்கியிருப்பாள். ஒரே வீட்டில் இருக்கிறவளுக்காக ஏங்குவது உங்களில் யாருக்காவது நடந்திருக்கிறதா? எனக்கு நடந்தது. எதிரே உட்கார்ந்து அவள் ஒரு வாய் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. 'உப்பு கம்மி' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லிக் கேட்க வேண்டும் போல இருந்தது.

ரூம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் தினமும் ரயிலில் நின்று வருகிறவள் அவள். வீட்டில் உட்கார்ந்து அரிசி களைகிற நான் எந்த வாயால் சொல்வது?

சனிக்கிழமை ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் போனேன். அவரைக்காய் சீசன். குவித்து வைத்திருந்தார்கள். சொகடு என்பார்கள் கன்னடத்தில், நல்ல காயின் மேல் இருக்கும் அந்தப் பிசுபிசுப்பையும் வாசனையையும். மூக்கில் ஏறியதும் என் கை தானாகப் பையை நீட்டிவிட்டது.

எங்கள் பக்கத்தில் குளிர்காலம் என்றால் பிதுக்குப் பருப்புக் குழம்புதான். அவரைக்கொட்டையை ராத்திரியே ஊறப்போட வேண்டும். காலையில் ஒவ்வொன்றாக விரலால் பிதுக்கினால் தோல் கையில் நிற்கும், பருப்பு குதித்து வெளியே வரும். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் அது இரண்டு பேர் வேலை. நடுவில் பேசின், இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். வேண்டுமென்றே என் மூக்கைப் பார்த்துப் பிதுக்குவாள். ஊர்க்கதை அத்தனையும் அந்தப் பேசினைச் சுற்றித்தான் நடக்கும்.

ஆப்பில் போட்டேன். 'தயாரிப்பு நேரம்: பதினைந்து நிமிடம். உரித்த பருப்பு பாக்கெட்டாக வாங்கலாம்' என்றது. அடப்பாவி, அந்த வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று உன்னிடம் யார் கேட்டார்கள்?

கொட்டையை ஊறப்போட்ட பிறகுதான் அமுதா வந்து சொன்னாள். "நாளைக்கி டூட்டிங்க. ஒரு பொண்ணு லீவு போட்டுடுச்சி."

ஞாயிற்றுக்கிழமையும் போனது.

காலையில் பேசின் முன்னால் தனியாக உட்கார்ந்தேன். ஊறிய கொட்டைகள் உப்பிக்கொண்டு கிடந்தன. பிதுக்க ஆரம்பித்தேன். ஒரு பருப்பு குதித்து எதிர்ச் சுவரில் பட்டு விழுந்தது. அங்கே யாராவது இருந்திருந்தால் மூக்கில் பட்டிருக்கும். அதற்கு மேல் எனக்கு முடியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

பிறகு எழுந்து முகம் கழுவினேன். திரும்ப உட்கார்ந்தேன். ஒன்று விடாமல் பிதுக்கி முடித்தபோது வெயில் சமையலறைக்குள் வந்திருந்தது. சாயங்காலம் குழம்பு வைத்தேன். 'ஒருவருக்கு' என்ற ஆப்பை மதிக்காமல் இரண்டு பேருக்குக் குக்கரில் சோறு வைத்தேன். களியும் கிளறினேன். எல்லாவற்றையும் கேரியரில் அடுக்கி, இரண்டு தட்டை அதன் மேல் வைத்துத் துண்டால் கட்டினேன். மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் போய் பங்காருபேட்டை பஸ் ஏறினேன்.

பங்காருபேட்டைக்கு அவள் ரயில் வந்தாக வேண்டும். அங்கிருந்து எங்கள் ஊர் வரை மெதுவாகத்தான் வரும். ஒரு சாப்பாடு சாப்பிட அது போதாதா?

பிளாட்பாரத்தில் கேரியரோடு நின்றேன். அவள் எப்போதும் ஏறுகிற பெட்டி எனக்குத் தெரியும். ரயில் வந்து நின்றதும் ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கூட்டமில்லை. ஜன்னலோரம் தலையைச் சாய்த்து அமுதா தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ரோசலின், அதே ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிறவர், எங்கள் தெருக்காரர்.

ரோசலின்தான் முதலில் பார்த்தார். "அடேங்கப்பா, சார் வந்துகீறாரு! இன்னா சார், பொண்டாட்டி ஓடிப்புடுவான்னு புடிக்க வந்தீங்களா?"

அமுதா பதறி எழுந்தாள். "இன்னாங்க? யசோவுக்கு இன்னா ஆச்சி?"

"ஒண்ணும் ஆவல. பிதுக்குப் பருப்பு ஆக்குனேன். எட்டு மணிக்கு நான் சாப்டணுமில்ல? அதான் வந்தேன்."

அவள் என்னைப் பார்த்தாள், கேரியரைப் பார்த்தாள். "நான்தான் கேண்டீன்ல சாப்ட்டுட்டேன்னு..."

"எந்தக் கேண்டீனு?" என்றார் ரோசலின். "சார், இவ பொய் சொல்றா. நாலு மணிக்கு ஒரு டீயும் பன்னும். அவ்ளோதான். அந்தக் கேண்டீன் சோத்த இவளால மோந்துகூடப் பாக்க முடியாது."

அமுதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்த வாரம் முழுக்க ஒரு பன்னைத் தின்றுவிட்டு வந்து 'சாப்ட்டுட்டேன்' என்றிருக்கிறாள். எனக்கு வேலை வைக்கக்கூடாதாம். கோபப்படுவதா, கும்பிடுவதா என்று தெரியாமல் கேரியரைத் திறந்தேன்.

குழம்பு வாசனை பெட்டி முழுக்கப் போனது. ரயில் நகர்ந்தது. சீட்டில் துண்டை விரித்து, நடுவில் கேரியரை வைத்து, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். ரோசலினுக்கும் ஒரு மூடியில் களியும் குழம்பும் கொடுத்தோம். அமுதா முதல் வாயை மென்று கொஞ்சம் நிறுத்தினாள்.

"எல்லாத்தையும் நீங்களே பிதுக்குனீங்களா?"

"ஆமா."

"தனியாவா?"

"ஆமா."

"உப்பு கம்மி" என்றாள். எனக்கு உயிர் வந்தது.

அப்போதுதான் குக்கர் கைப்பிடியின் கதையைச் சொன்னேன். தினமும் மீந்தது எது, சிவப்பு இலை வந்தது எப்படி, எல்லாவற்றையும். அவளும் சுரங்கத்தில் வேலை செய்தவர் வீட்டுப் பெண்தான். கை குழம்பில் இருக்க அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள். "அத்த போயி வேஸ்ட்டுன்னு போடுவாங்களாங்க?" என்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அவளுக்கு.

ரூமைப் பற்றி நான் பேசவில்லை. அவளும் பேசவில்லை. நான் மாத்திரை போட்டேனா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் நேராகச் சமையலறைக்குப் போய்க் குக்கர் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் ஒரு கைப்பிடி சோறு. கேரியர் கட்டுகிற அவசரத்திலும் என் கை அதை விட்டு வைத்திருந்தது. அவள் அதை அள்ளி இரண்டாகப் பிரித்தாள். ஒரு பங்கைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, மறு பங்கை என்னிடம் நீட்டினாள். பிறகு குழாயைத் திறந்து குக்கரைக் கழுவ ஆரம்பித்தாள்.

முதுகைக் காட்டியபடியே சொன்னாள். "அந்தப் பொண்ணுகிட்ட வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடறேன்."

எனக்குச் சந்தோஷம். பொய் சொல்ல மாட்டேன், அவ்வளவு சந்தோஷம். அவள் முழங்கால் நினைவுக்கு வந்ததும் அந்தச் சந்தோஷத்துக்குக் கொஞ்சம் கூச்சம் வந்தது. "உன் காலு...?" என்றேன். "காலு கெடக்குது. உங்களால முடியிற அன்னிக்கி பங்காருபேட்டைக்கு வாங்க, போதும்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை கேரியரோடு போனேன். நேற்று வெள்ளிக்கிழமை போக முடியவில்லை, ஸ்கூலில் ஆடிட். சாயங்காலம் குக்கரை எடுத்தபோது போன் 'டிங்' என்றது. 'இன்றைய நைட் ஷிப்ட்: இருவருக்கு.' ரயிலேறியதும் மாற்றியிருக்கிறாள்.

எட்டு மணிக்குச் சாப்பிட்டேன். அவள் பங்கை ஹாட்பாக்ஸில் வைத்தேன். ஆப் வழக்கம்போல் வந்து நின்றது. மீதி உள்ளதா? ஆம். காரணம்?

இந்தத் தடவை மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டேன். 'மற்றவை' என்பதைத் தொட்டு, ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். 'ஆளு இன்னும் மேல வரல.'

மூன்று போனிலும் அது தெரியும் அல்லவா? கொஞ்ச நேரத்தில் ஓடும் ரயிலிலிருந்து பதில் வந்தது.

'குக்கரைக் கழுவிடாதீங்க. வந்துகினு கீறேன்.'